டீச்சரம்மா பதில்கள்: தறி நின்ற வீட்டில் எந்த அதிகாரம் படிப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தேன். முடி உதிர்வது, மருமகள் பேசாதது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டன. இன்னொரு பக்கம் வேதாகம வாசிப்பு பற்றியே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் இப்படித்தான் வரும். கிணறு வற்றுகிற மாதத்தில் மனசும் வற்றும் போலிருக்கிறது. சரி, இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊரோடு நிறுத்திக்கொண்டேன்.

"எங்களுக்கு எட்டுத் தறி இருந்துச்சுங்க. காடா துணி கூலிக்கு ஓட்டிக்கிட்டிருந்தோம். கூலியும் கட்டல, கரண்டு பில்லும் கட்டல. போன தை மாசம் நாலு தறியை எடைக்குப் போட்டாச்சு. வீட்டுக்காரர் செக்யூரிட்டி வேலைக்குப் போறார். நான் காத்தால வேதாகமத்தைத் திறந்து வெச்சு உட்கார்றேன். கண்ணு வரி மேல ஓடுது, உள்ள ஒண்ணும் இறங்கல. நம்பிக்கை வர்றதுக்கு எந்த அதிகாரம் படிக்கோணும் டீச்சரம்மா?" – வாசகி, பல்லடம்

கண்ணு, 'எடைக்குப் போட்டாச்சு' என்ற இடத்தில் நானும் சித்த நேரம் நின்றுவிட்டேன். நான் தறி வீட்டுப் பெண். சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தம் நின்ற வீட்டில் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியும்.

யோபு 7-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தை எடுங்கள். 'என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது' என்று இருக்கும். ஊடு நூலைச் சுமந்துகொண்டு தறியில் அங்குமிங்கும் ஓடுகிறதே, அந்த நாடா. மொழிபெயர்த்தவர்கள் நம் தறி வீட்டுச் சொல்லையே போட்டிருக்கிறார்கள், பாருங்கள். அதை அடுத்து, அந்த நாட்கள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோகும் என்கிறார். அங்கே 'நம்பிக்கை' என்று வருகிற இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கிற சொல் 'திக்வா'. கயிறு, நூல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. எரிகோவில் ராகாப் தன் வீட்டு ஜன்னலில் ஒரு சிவப்பு நூல் கயிற்றைக் கட்டினாளே, யோசுவா 2-ஆம் அதிகாரத்தில், அங்கே வருவதும் இதே திக்வாதான். எங்கள் சபையில் முன்பு இருந்த போதகர் ஐயா இதைச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் டீச்சராக முப்பது வருஷம் சிலேடை நடத்தினவள் நான், அன்றைக்கு வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அந்த வசனத்தை இப்படியும் வாசிக்கலாம்: 'நாடா பாட்டுக்கு ஓடுகிறது, நூல் தீர்ந்துபோச்சு.' பல்லடத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

நம்பிக்கை தீர்ந்துபோச்சு என்று ஒரு மனுஷன் புலம்பினதை வேதத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை. அதனால் உள்ளே ஒன்றும் இறங்காத காலையில் நீங்கள் வேதத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பதாக நினைக்காதீர்கள். 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது ஒரு துதியில் போய் ஏறிக்கொள்ளும். இது ஏறாது. சிநேகிதரும் விலகிப்போனார்கள், தெரிந்தவர்களும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடியும்.

இன்னொரு விஷயம். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலைப் பாவு என்போம். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரைக்கும், பழைய பாவின் கடைசி நுனிகளை, அவை நுழைந்து போகிற அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவுவதற்கு அம்மா விடமாட்டாள். சாண் நீளத்துக்கு அந்த மிச்ச நூல் சும்மா தொங்கிக்கொண்டு கிடக்கும். துணிக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. புதுப் பாவு வந்ததும் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்காருவாள். பழைய நுனி ஒன்று, புது நுனி ஒன்று, சேர்த்து ஒரு முறுக்கு. அப்படி ஆயிரக்கணக்கான இழை. பொழுது சாய்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும். எல்லாம் பிணைத்து முடித்து மெல்ல இழுத்தால், அந்த ஒன்றுக்கும் ஆகாத பழைய நூல்தான் புது நூலை விழுதின் கண் வழியாகவும் அச்சின் பல் வழியாகவும் கூட்டிக்கொண்டு வரும். ஆறாவது படிக்கும்போது, சுத்தம் செய்கிறேன் என்று ஒரு பக்கம் நுனிகளை உருவிவிட்டேன். அன்றைக்கு வாங்கின குட்டு இன்னும் மண்டையில் இருக்கிறது.

என் கதையையும் கேளுங்கள். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். கடைசி மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு நாள் கோபியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கட்டில். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பேன். சங்கீதத்தை எடுத்தால், 'அது எழவு வீட்டுல படிக்கறது, வேற படி' என்பார். அவருக்குப் பிடித்தது எது தெரியுமா? நெகேமியா 3-ஆம் அதிகாரம்! எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, யார் யார் எந்தெந்தப் பகுதியில் எடுத்துக் கட்டினார்கள் என்கிற வெறும் பட்டியல். தட்டார் ஒரு பக்கம், தைலக்காரர் ஒரு பக்கம், மகள்களோடு வந்து கட்டின ஒருவர், தன் வீட்டுக்கு எதிரே இருந்ததை மட்டும் கட்டினவர் என்று போகும். பிரசங்கத்தில் யாரும் தொடாத அதிகாரம். இவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டுவார். 'இது வேலை தெரிஞ்சவன் எழுதினது. யாருக்கு எந்த ஸ்பான்னு பிரிச்சுக் குடுத்திருக்கான் பாரு' என்பார். 52 நாளில் அலங்கம் முடிந்தது என்று 6-ஆம் அதிகாரத்தில் வாசித்தபோது, சிலாகித்துச் சிரித்தார்.

அவர் போன பிறகு எட்டு மாசம் நான் வேதாகமத்தைத் தொடவில்லை. டீச்சரம்மா என்று ஊருக்கே பதில் எழுதிக்கொண்டு, வீட்டில் மூடி வைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்டும்போது திறந்தது. நெகேமியா 3-இல் ஒரு டயாலிசிஸ் சீட்டு அடையாளமாகக் கிடந்தது. புதிதாக எதையும் தேடத் தெம்பு இல்லை, சீட்டு இருந்த இடத்திலிருந்து 4-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கண்ணீரெல்லாம் வரவில்லை. மறுநாள் 5-ஆம் அதிகாரம்.

எந்த அதிகாரம் என்று கேட்டீர்களே, கடைசியாக எதை விட்டீர்களோ அதற்கு அடுத்தது. ஒரு நாளைக்கு ஒன்று போதும், வாய்விட்டு வாசியுங்கள். நடுவில் 42-ஆம், 43-ஆம் சங்கீதங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' என்று அந்த மனுஷன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். ஒரு தடவை கேட்டுச் சரியாகவில்லை. இரண்டு சங்கீதத்துக்குள் மூன்று தடவை கேட்கிறான். மீதி நாலு தறி ஓடுகிறதா, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

"பனியன் கம்பெனியில ஓவர்லாக் அடிக்கிறேன். நைட்டும் சேர்த்துப் பார்த்தா ரூமுக்கு வர்றப்போ ஒரு மணி. புக்கு எடுத்தா தூக்கம்தான். அதனால போன்ல வேதாகமம் கேக்கறேன். ஊர்ல அம்மா, கேக்கறதெல்லாம் வாசிப்புல சேராதுங்கறாங்க. சேருமா?" – வாசகர், திருப்பூர்

அம்மாவிடம் வெளிப்படுத்தின விசேஷம் 1-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனத்தைக் காட்டு சாமி. 'வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்' பாக்கியவான்கள் என்று இருக்கும். வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. அந்தக் காலத்துச் சபையில் கையில் சுருள் வைத்திருந்தவர் ஒருவர், மற்றவர்களெல்லாம் உன்னை மாதிரி காதில் வாங்கினவர்கள்தான்.

ரோமர் 10:17 'விசுவாசம் கேள்வியினால் வரும்' என்கிறது. நம் பழைய தமிழில் கேள்வி என்றால் கேட்டுப் பெறுகிற அறிவு. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 42-ஆவது. படிக்காவிட்டாலும் கேள், தளர்ந்துபோகிற நேரத்தில் அது ஊன்றுகோல் மாதிரித் துணை நிற்கும் என்பது 414-ஆம் குறளின் பொருள். என் அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 23-ஆம் சங்கீதத்தைக் களை எடுத்துக்கொண்டே முழுசாகச் சொல்லும்.

மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பி. 16 அதிகாரம்தான், கதை வேகமாக ஓடும். மிஷினில் உட்காரும்போது மட்டும் காதிலிருந்து கழற்றிவிடு. ஊசி விரலில் ஏறினால் சங்கீதம் காப்பாற்றும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

"ஏழு வருசத்துக்கு முன்னாடி டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை (புது வருசத்துக்குன்னு ஆளுக்கொரு வசனம் எடுக்கற அட்டை) வந்துச்சுங்க. அதைப் பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் போர் 1,100 அடி போட்டும் புகைதான் வந்துச்சு. தென்னை பாதி மொட்டையாயிருச்சு. மீதி ரெண்டு ஏக்கராவை வித்தரலாமான்னு இருக்கு. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா?" – விவசாயி, தாராபுரம்

தம்பி, இரண்டும் பொய்யில்லைங்க. அட்டை சின்னது, அதில் கடிதம் முழுசாக அடங்கவில்லை.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதினது. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது 11-ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம் முடிந்த பின்பு வந்து சந்திப்பேன் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் திரும்பி வந்து பார்க்கப் போவதில்லை. அதுவரைக்கும் என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று 5-ஆம் வசனத்திலிருந்து வரிசையாக வரும். அட்டை அடிக்கிறவர்களுக்கு இவ்வளவுக்கும் இடம் போதாது, பாவம்.

அதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருவான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் அடித்துச் சொல்வான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! அவன் சொன்னதுதான் பொய் என்று ஆனது. எழுபது வருஷம் என்று சொன்ன எரேமியாவை ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

வாக்குத்தத்த அட்டையை நான் கேலி செய்யவில்லை. என் அலமாரியிலும் முப்பதுக்குக் குறையாமல் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடி ஓர் அட்டை உருவுவதும் கிளி ஜோசியமும் பக்கத்துப் பக்கத்து வீடு. திண்ணை மாறி உட்கார்ந்துவிடக் கூடாது.

நீங்கள் நிலத்துக்காரர். அதனால் உங்களுக்கு 32-ஆம் அதிகாரத்தைத் தருகிறேன். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தகப்பன் கூடப்பிறந்தவரின் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறான். ஒறம்பரை (சொந்தக்காரர்) நிலம் விற்க வருகிற நேரம் எந்தக் காலத்திலும் இப்படித்தான் இருக்கும் போல. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 'எதிரிப் படை' என்று வரக்கூடிய நிலம். எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். கிரயப் பத்திரம் இரண்டு, ஒன்று முத்திரை போட்டது, ஒன்று திறந்தது. இரண்டையும் ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார், நாள்பட நிற்கட்டும் என்று.

எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. பத்திரம் எல்லாம் முடிந்து பணமும் கைமாறின பிறகு, எரேமியா ஜெபத்தில் கடவுளிடம் கேட்கிறார்: பட்டணமே எதிரி கையில் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே? முதலில் பத்திரம், பிறகு சந்தேகம். விசுவாசம் குறைந்தவன் என்று அவரை யாராவது சொல்வார்களா?

இதை வைத்து விற்காதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விற்பதானாலும் அட்டைக்கு பயந்து விற்காமல் இருக்காதீர்கள், அட்டை மேல் கோபத்தில் விற்கவும் செய்யாதீர்கள். தென்னைக்கு வேளாண்மைத் துறை ஆட்களைக் கூட்டிவந்து காட்டுங்கள். பிரேமைக் கழற்ற வேண்டியதில்லை, 10-ஆம் வசனத்தைப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

"அம்மா வைத்திருந்த பழைய வேதாகமத் தமிழ் என் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. புதியது வாங்கினால் மாமியார் முகம் சுளிக்கிறார். எது சரி?" – வாசகி, ஈரோடு

இரண்டையும் மேஜையில் வையுங்கள். நீங்கள் பழையது என்பது ஹென்றி பவர் என்கிற மிஷனரி ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. அதற்கும் முன்னால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். அதைப் பார்த்துப் பழகினவர்களுக்கு பவர் மொழிபெயர்ப்பே புதிசாகத்தான் இருந்திருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

என் ஓட்டு: புரிவதற்குப் புதியது, மனப்பாடத்துக்குப் பழையது. 'கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்' என்று 126-ஆம் சங்கீதத்தைச் சொல்லும்போது வாயில் உருளுகிற அந்த ஓசை எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. மாமியாரையே பிள்ளைகளுக்குப் பழையதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சுளித்த முகம் நேராகிவிடும்.

"என் சம்சாரத்துக்கு மனசோர்வு. ஒரு வருசமா மாத்திரை. இப்போ ஒரு ஜெபக் கூட்டத்துல, வசனம் படிக்கிறவளுக்கு மாத்திரை எதுக்கு, அது அவிசுவாசம்னு சொல்லிட்டாங்க. நிறுத்தட்டுமான்னு கேக்கறா. ராத்திரி சாகணும்னு வேற பேசறா." – வாசகர், பெருந்துறை

நிறுத்தக் கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சாகணும் என்கிற பேச்சு வந்துவிட்டது, அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவரிடம் கூட்டிப்போங்கள். இரவில் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104-க்கும் பேசலாம். இதைப் படித்து முடிக்கும் முன்பே கூப்பிட்டாலும் நல்லது.

வேத வசனம் கேட்டால், 1 இராஜாக்கள் 19-ஐ அந்தக் கூட்டத்துக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எலியா பெரிய தீர்க்கதரிசி. ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தடவையும் வந்து அதையே சொல்கிறான். கடவுள் அவரோடு பேசுவது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து மலைக்குப் போய்ச் சேர்ந்தபின்.

உங்கள் சம்சாரத்துக்கு அந்த மாத்திரையும் தலைமாட்டில் வைத்த அடைதான். வாசிக்க அவருக்குத் தெம்பு இல்லாவிட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வரி வாசியுங்கள், போதும். அந்த ஜெபக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகாமல் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

"நான் இந்துங்க. மகனுக்கு ஆபரேசன்னு பன்னண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, பக்கத்துக் கட்டில் வேதக்கார அம்மா ஒரு சின்ன சங்கீதப் புஸ்தகம் குடுத்தாங்க. ராத்திரி முழிப்பா இருக்கறப்போ அதுல 121-ஐப் படிச்சேன். மனசுக்குத் தெம்பா இருந்துச்சு. நான் படிக்கலாமுங்களா? தப்பில்லையே?" – வாசகி, காங்கயம்

தாராளமாகப் படியுங்கள் அம்மிணி. தெம்பு வந்ததற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, மதம் மாறினால்தான் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். 'உன்னைக் காக்கிறவர் உறங்கார்' என்று அதில் வருகிறது, ராத்திரி மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அதை நான் விளக்க வேண்டுமா?

அடுத்து 130-ஐப் படித்துப் பாருங்கள். எட்டே வசனம். விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர்களைப் பற்றி ஒரு வரி வரும், எபிரேய மூலத்தில் அதையே இரண்டு தடவை சொல்லியிருக்கும். மகன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவின் போன் நம்பர் வாங்கி வைத்தீர்களா இல்லையா?